இளமை நீங்காத நாயகனும் முதுமை எய்தும் வாசகரும்

1987-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5-ஆம் தேதி, நியூயார்க் நகரத்து ஷே ஸ்டேடியத்தில், பேஸ்பால் பந்தயம் தொடங்குவதற்கு முன்பாக, பல்லாயிரம் பேர் பார்த்திருக்க ஒரு கல்யாணம் நடந்தது. மணமகன், முகமூடியைக் கழற்றாமலே மணமேடைக்கு வந்த ஸ்பைடர்மேன். மணமகள், மேரி ஜேன் வாட்சன். சடங்கை முன்னின்று நடத்திவைத்தவர், கால் நூற்றாண்டுக்கு முன்னர் அந்த நாயகனைச் சிருஷ்டித்தவர்களுள் ஒருவரான ஸ்டான் லீ. வேஷதாரிகளைக் கொண்டு மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் நடத்திய விளம்பரக் காட்சிதான் அது என்றாலும், அதன் பின்னால் இருந்த கதை நிகழ்ச்சி வாசகர்களுக்கு விளையாட்டல்ல. அவ்வாண்டின் சிறப்பு மலரிலும், நாளிதழ்களில் தினந்தோறும் வந்துகொண்டிருந்த படக்கதையிலும் ஒருங்கே அந்த விவாகம் நடந்தேறியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2007-ஆம் ஆண்டின் இறுதியில், அந்த விவாகம் நிகழவே இல்லை என்று அதே நிறுவனம் கதையின் சரித்திரத்தைத் திருத்தி எழுதியது. மனைவி இறக்கவில்லை, மணமுறிவும் நேரவில்லை, மெஃபிஸ்டோ என்னும் துர்தேவதையோடு செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையின் விளைவாக, இருபது ஆண்டு இல்லறம் உலகத்தின் நினைவிலிருந்தே துடைத்தெறியப்பட்டது.

இத்தகைய விபரீதத்திற்கு எழுத்தாளரின் கற்பனை வறட்சியைக் காரணமாகச் சொல்லிவிடுவது எளிது. பல ரசிகர்கள் அப்படித்தான் சொன்னார்கள். என் அபிப்பிராயம் வேறு. ஒரு கதை யாருக்குச் சொந்தமாக இருக்கிறது, அது எந்தக் கடையில், எப்படிப்பட்ட ஒப்பந்தத்தின் பேரில் விற்கப்படுகிறது என்ற லௌகிகமான காரியங்களே அந்தக் கதை செல்லும் திசையைத் தீர்மானிக்கின்றன என்பதும், அமெரிக்கக் காமிக்ஸ் தொழில் இன்று அடைந்திருக்கும் நெருக்கடியும் இந்த விவாக அழிப்பும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதும் ஆராய்ந்து பார்ப்பவருக்குப் புலப்படும். சூப்பர்மேனையோ பேட்மேனையோ விட்டு ஸ்பைடர்மேனை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மற்றவர்கள் தோன்றும்போதே முழு வளர்ச்சி பெற்ற மனிதர்களாகத் தோன்றினார்கள். இவன் ஒருவனே வளர்வதற்கென்று படைக்கப்பட்டவன்.

1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேன்டஸி’ என்ற பத்திரிகையின் 15-ஆம் இதழில், பதினோரு பக்கக் கதை ஒன்றில், குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த பீட்டர் பார்க்கர் என்ற பள்ளி மாணவன் முதன்முதலாகத் தோன்றினான். விலை 12 சென்ட். அதுவே அந்தப் பத்திரிகையின் கடைசி இதழ். சிலந்தியை ஜனங்கள் வெறுப்பார்கள் என்றும், பதின்வயதுப் பையன் நாயகனுக்குத் துணையாக வரலாமே ஒழிய நாயகனாக முடியாது என்றும் பத்திராதிபர் மார்ட்டின் குட்மேன் ஆட்சேபித்ததாகவும், எப்படியும் நிறுத்தப்போகிற பத்திரிகைதானே என்ற தைரியத்தில் அதை அச்சேற்றியதாகவும் லீ பிற்காலத்தில் சொல்லிவந்தார். மறு ஆண்டே தனிப் பத்திரிகையாகத் தொடங்கிய அந்தக் கதையை உண்மையில் நடத்திச் சென்றவர் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ. மார்வெலின் வழக்கப்படி, எழுத்தாளர் கதைப்போக்கைச் சுருக்கமாகச் சொல்ல, ஓவியர் காட்சிகளைத் தாமே வகுத்து வரைந்து முடிப்பார்; அதன் பிறகே வசனம் எழுதப்படும். இதில் ஓவியரின் பங்கு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நாளடைவில் கதைப்போக்கு முழுவதும் டிட்கோவுடையதாயிற்று. 25-ஆம் இதழ் முதல் அது அவர் பெயரிலேயே குறிக்கப்படவும் செய்தது.

டிட்கோவின் கையில் அந்தக் கதை எட்டிய உயரத்தை அறிய விரும்புபவர் 1966 பிப்ரவரி தேதியிட்ட 33-ஆம் இதழின் தொடக்கப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். கடலடித் தளம் ஒன்றில், மலைபோன்ற இரும்பு யந்திரத்தின் அடியில் ஸ்பைடர்மேன் சிக்கிக் கிடக்கிறான். கூரை விரிசலிட்டு நீர் சொட்டுகிறது. மரணப் படுக்கையில் இருக்கும், அவனை வளர்த்த அத்தை மேயைப் பிழைப்பிக்கக்கூடிய மருந்து, கைக்கு எட்டாத தூரத்தில், கண்ணெதிரே தரையில் கிடக்கிறது. பகைவன் யாரும் அங்கே இல்லை. தன் அலட்சியத்தால் ஒரு முறை சிற்றப்பாவை இழந்தவன், இரண்டாம் முறையும் அப்படி ஒரு பழிக்கு ஆளாவதா என்று தனக்குள் போராடுகிறான். முயன்று தோற்கிறான், மறுபடி முயல்கிறான். அவன் முதுகு நிமிர நிமிர, பக்கத்தில் உள்ள சித்திரக் கட்டங்கள் சிறிது சிறிதாகப் பெரிதாகின்றன. இறுதியில் ஒரு பக்கம் முழுவதையும் நிறைத்த ஒரே சித்திரத்தில், யந்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கியபடி எழுந்து நிற்கிறான். பலசாலி ஒருவன் பாரம் தூக்கும் காட்சியை இந்தத் தொழிலில் ஆயிரம் முறை வரைந்திருக்கிறார்கள். ஒரு சிறுவன் ஆண்மகன் ஆகும் கணத்தைக் கட்டங்களின் அளவைக் கொண்டே உணர்த்தியவர் டிட்கோ. சில மாதங்களில், 38-ஆம் இதழோடு, அவர் மார்வெலை விட்டு விலகிவிட்டார். அதற்கு முன்பே லீயும் அவரும் ஒருவரோடொருவர் பேசுவது நின்றுபோயிருந்தது.

அந்தக் காலத்தில் பீட்டரின் வயது வாசகரின் வயதோடு சேர்ந்தே நகர்ந்தது. 1962-இல் பதினைந்து வயதுப் பையனாக அறிமுகமானவன், 1965-இல் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர்ந்தான். கதையின் மூன்று ஆண்டும் நாள்காட்டியின் மூன்று ஆண்டும் ஒத்திருந்தன. ஆனால் கல்லூரிப் பட்டம் பெறுவதற்கு அவன் 1978 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நான்காண்டுப் படிப்புக்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் கல்யாணம். அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் கல்யாணமே இல்லை என்ற நிலை. காலம் முதலில் இயல்பாக ஓடி, பிறகு மெல்ல ஊர்ந்து, பிறகு நின்று, கடைசியில் பின்னோக்கித் திரும்பியதை இந்தச் சில தேதிகளே காட்டிவிடுகின்றன. இவற்றைப் போலத் தெளிவான சாட்சியம் இந்தத் தொழிலின் சரித்திரத்தில் வேறில்லை என்று கருதுகிறேன்.

காலம் நின்றுபோவதற்கு முன் அது கடைசியாகப் பலமாக அசைந்தது 1973-இல். அப்போது ஏறத்தாழ இருபது வயதே ஆகியிருந்த ஜெரி கான்வே எழுத, கில் கேன் வரைந்த 121-ஆம் இதழில், பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளப்படுகிறாள். ஸ்பைடர்மேன் வலையை வீசி அவளைப் பிடித்துவிடுகிறான். பிடித்தும் அவள் உயிரோடு இல்லை. வலை அவள் காலைப் பற்றிய அந்தக் கட்டத்தில், கழுத்தின் அருகே, முறியும் ஓசையைக் குறிக்கும் மிகச் சிறிய எழுத்துக்கள் அச்சாகியுள்ளன. கொன்றது வீழ்ச்சியா, காப்பாற்றிய கையா என்ற கேள்வியை அந்தச் சிறு எழுத்துக்கள் நாயகன் மீதே சுமத்திவிட்டன. நாயகனின் காதலி எப்போதும் காப்பாற்றப்படுவாள் என்ற விதியை நம்பியிருந்த வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள்.

அடுத்த இதழின் கடைசிப் பக்கம், என் மதிப்பில், அந்த மரணத்தைவிடவும் உயர்ந்தது. அதுவரை கேளிக்கையைத் தவிர வேறொன்றையும் அறியாதவளாகச் சித்திரிக்கப்பட்ட மேரி ஜேன், துக்கத்தில் இருக்கும் பீட்டரின் அறைக்கு வருகிறாள். அவன் கடுஞ்சொல் சொல்லி அவளை வெளியேறச் சொல்கிறான். அவள் கண்ணீரோடு கதவருகே செல்கிறாள். கைப்பிடியைப் பற்றித் தயங்குகிறாள். பிறகு, வெளியே போகாமல், உள்ளே நின்றபடியே கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் நடந்த கல்யாணத்தின் விதை அந்தக் கதவு சாத்தப்பட்ட இடத்தில் இருக்கிறது. ஆகவேதான் 2007-இல் அழிக்கப்பட்டது வெறும் ஒரு விளம்பரக் கல்யாணம் அல்ல என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பல எழுத்தாளர்களும் ஓவியர்களும் தலைமுறை கடந்து ஒருவர் வேலையின் மேல் மற்றொருவர் கட்டிவந்த ஒரு மனித உறவு அழிக்கப்பட்டது.

வாசகருக்கு வேண்டியது மாற்றம் அல்ல, மாற்றத்தின் பிரமையே என்று ஸ்டான் லீ தம் எழுத்தாளர்களிடம் சொன்னதாக ஒரு செய்தி அத்துறையில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. சொன்னவர் யாராயினும், 1970-களுக்குப் பின் அந்தத் தொழிலை ஆண்ட சூத்திரம் அதுதான். இதற்கு வலுவான வியாபார காரணம் இருந்தது. ஸ்பைடர்மேனை வரைந்தவர்களும் எழுதியவர்களும் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பெற்றவர்கள். பாத்திரம் நிறுவனத்தின் சொத்து. அந்த உருவம் சட்டையிலும் பொம்மையிலும் தொலைக்காட்சியிலும் பணம் ஈட்டத் தொடங்கிய பிறகு, மாதப் பத்திரிகையில் அவனுக்குத் தலை நரைத்தால் சட்டையில் உள்ள உருவம் பழையதாகிவிடும் என்ற அச்சம் சொத்துக்காரருக்கு எழுவது இயற்கை. எழுத்தாளனுக்குத் தன் பாத்திரம் முதிர்வது சிருஷ்டியின் பூர்த்தி. சொத்துக்காரருக்கோ அது தேய்மானம். கதையின் திசையை யார் தீர்மானிப்பது என்ற வழக்கில் எழுத்தாளன் ஒரு நாளும் வெல்ல முடியாதபடி ஒப்பந்தமே எழுதப்பட்டிருந்தது.

இதனோடு விற்பனை முறையில் நேர்ந்த ஒரு மாறுதலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1960-களின் இறுதியில் ஸ்பைடர்மேன் மாத இதழ் சராசரியாக ஏறத்தாழ 3.7 லட்சம் பிரதிகள் விற்றது. மருந்துக் கடை, பெட்டிக்கடை, ரயிலடி என்று சிறுவர்கள் நடமாடும் இடமெல்லாம் அது கிடைத்தது. விற்காத பிரதிகளைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடலாம். 1970-களின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்ற வியாபாரி ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்: காமிக்ஸ் மட்டுமே விற்கும் கடைகளுக்கு அதிகக் கழிவோடு பிரதிகள் தரப்படும், ஆனால் விற்காததைத் திருப்ப முடியாது. அழிந்துகொண்டிருந்த தொழிலுக்கு அந்த ஏற்பாடு உயிர் கொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் பின்விளைவு ஆழமானது. நஷ்ட பயம் முழுவதும் கடைக்காரர் தலையில் விழுந்தது; அவர் மாதங்களுக்கு முன்பே விலைப்பட்டியலைப் பார்த்து, தமக்குத் தெரிந்த வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று எண்ணி வாங்க வேண்டியவரானார். பிரசுரகர்த்தரின் கணக்கில் ‘விற்ற’ பிரதி என்பது கடைக்காரர் வாங்கிய பிரதியே. அதை யாரேனும் படித்தார்களா என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. சிறுவர்கள் வழியில் கண்டு வாங்கும் பண்டமாக இருந்தது, பழகியவர்கள் தேடிச் சென்று வாங்கும் பண்டமாயிற்று.

இந்த இரண்டு மாறுதல்களும் சந்தித்த இடத்தில்தான் விநோதமான ஒரு நிலை உருவாயிற்று. முன்பு வாசகர்கள் சில ஆண்டுகள் படித்துவிட்டு விலகிச் செல்ல, புதிய சிறுவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நாயகனோ வளர்ந்துகொண்டிருந்தான். பின்பு வாசகர்கள் விலகாமல் தங்கி, மணம் புரிந்து, மக்களைப் பெற்று, நடுத்தர வயதை எய்தினார்கள். நாயகனோ வளர்வதை நிறுத்திவிட்டான். முதற்காலத்தில் வாழ்க்கை கதையில் இருந்தது. பிற்காலத்தில் அது வாசகரிடம் மட்டுமே இருந்தது.

1990-களின் கதையை விரிக்க வேண்டியதில்லை. 1990-இல் டாட் மெக்ஃபார்லேன் வரைந்த புதிய ஸ்பைடர்மேன் இதழ் பல அட்டைகளோடு இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. வாங்கியவர்களில் பலர் விலையேறும் என்று நம்பிப் பிரிக்காமலே பெட்டியில் வைத்தவர்கள். 1992-இல் மெக்ஃபார்லேனும் வேறு சில ஓவியர்களும் வெளியேறி, படைப்பின் உரிமை படைத்தவருக்கே என்ற கொள்கையின் மேல் இமேஜ் காமிக்ஸை நிறுவினார்கள். 1994-இல் தொடங்கிய ‘குளோன்’ கதைத் தொடர், பீட்டர் உண்மையான பீட்டரே அல்ல, நகல் என்று சொல்லி, மணமானவனை ஒதுக்கி மணமாகாத ஒருவனை நாயகனாக்க முயன்றது. சில மாதங்களில் முடிய வேண்டியதை, விற்கிறதே என்ற ஒரே காரணத்தால் இரண்டு ஆண்டுகள் இழுத்தார்கள். 1996 டிசம்பர் தேதியிட்ட இதழில் அந்தக் கதை ஒருவழியாக முடிந்தது. அதே டிசம்பரில் மார்வெல் நிறுவனம் திவால் மனுவைத் தாக்கல் செய்தது. ஊக வியாபாரிகள் மறைந்தபின் ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன.

இனி 2007-க்கு வருவோம். தலைமைப் பதிப்பாசிரியர் ஜோ கெசாடாவின் வாதத்தை நியாயமாக எடுத்துரைப்பது அவசியம். பீட்டர் என்றால் இளமை. காதலில் தடுமாற்றமும் வாடகைக்குத் திண்டாட்டமும் அவன் கதையின் ஜீவநாடி. விவாகம் அவனை முதியவனாக்கிவிட்டது. மணமுறிவோ மனைவியின் மரணமோ அவனை இன்னும் முதியவனாக்கும். ஆகவே விவாகம் நிகழாததாகிவிட வேண்டும். வாதம் கட்டுக்கோப்பானதே. பயத்தினால் மட்டும் எழுந்த வாதம் என்று இதை ஒதுக்குவது பொருந்தாது. விவாகத்தை அழித்த அந்தக் கதையின் நான்கு இதழ்களையும் கெசாடா தாமே வரைந்தார், அந்தப் பாத்திரத்தின்பால் அவருக்கு இருந்த பற்று கோடுகளில் தெரிகிறது. ஆனால் அந்தக் கதையைப் படித்தவர் மறக்க முடியாத ஒரு பாத்திரம் அதில் வருகிறது: செம்பட்டைக் கூந்தலுடைய ஒரு சிறுமி. அவள் யார் என்று பீட்டருக்குத் தெரிவதில்லை. உடன்படிக்கை முடியும் தறுவாயில் மெஃபிஸ்டோ அந்த ரகசியத்தைச் சொல்கிறது: இந்த விவாகம் நீடித்திருந்தால் பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் பிறந்திருக்கக்கூடிய மகள் அவள், இனி பிறக்க மாட்டாள். கதையின் எதிர்காலத்தைக் கொன்றுதான் அதன் இளமையைக் காக்க முடியும் என்ற உண்மையை, அந்தக் கதையை ஆக்கியவர்களே, அறிந்தோ அறியாமலோ, ஒரு குழந்தையின் உருவில் வரைந்து காட்டிவிட்டார்கள். எழுத்தாளர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, கடைசி இரண்டு இதழ்களிலிருந்து தம் பெயரை நீக்கிவிட எண்ணியதைப் பின்னர் பகிரங்கமாகவே தெரிவித்தார்.

வாசகர்கள் உண்மையில் விரும்பியது என்ன என்பதற்கு ஒரு சிறு பரீட்சை தற்செயலாக நடந்தது. நாளிதழ்ப் படக்கதையில் பீட்டரும் மேரி ஜேனும் தம்பதியராகவே வாழ்ந்துவந்தார்கள். 2009 ஜனவரியில் அதிலும் பீட்டரை மணமாகாத வாலிபனாக்கினார்கள். காமிக்ஸ் கடைக்குள் ஒரு நாளும் நுழைந்திராத, காலையில் பத்திரிகையைப் புரட்டும் சாதாரண வாசகர்கள் ஆட்சேபித்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில், நடந்ததெல்லாம் கனவு என்று சொல்லி, விவாகத்தை மீட்டுவிட்டார்கள். மணமான நாயகனைப் பொதுஜனம் ஏற்காது என்ற அனுமானத்தைப் பொதுஜனமே மறுத்த சந்தர்ப்பம் இது. தொழிலில் இருப்பவர்கள் இதற்குரிய கவனத்தை அளித்ததாகத் தெரியவில்லை.

புராண நாயகர்களுக்கு வயதாகிறதா, ராமனையும் அர்ச்சுனனையும் தலைமுறைதோறும் புதிதாகச் சொல்வதில்லையா, ஸ்பைடர்மேனை மட்டும் ஏன் காலத்தின் விதிக்கு உட்படுத்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சிந்திக்கத் தக்கது. ஆனால் ராமகாதைக்குப் பட்டாபிஷேகம் உண்டு. பாண்டவர்களுக்கு மகாபிரஸ்தானம் உண்டு. முடிவு தெரிந்த கதையாதலால்தான் அதை எந்த இடத்தில் தொடங்கினாலும் கேட்பவனுக்கு நிறைவு கிடைக்கிறது. சொல்பவனும் தன் மனோதர்மப்படி விரிக்கிறான். பாத்திரத்தை மீண்டும் மீண்டும் சொல்வது வேறு. ஒரே சொல்லாடலை முடிக்க விடாமல் அறுபது ஆண்டுகள் நீட்டிக்கொண்டே, அதே சமயம் அதில் எதுவும் நிலையாக நடக்க விடாமல் தடுப்பது வேறு.

காலத்தை ஓட விட்டால் என்ன ஆகும் என்பதை மார்வெல் தன் கிளைப் பத்திரிகைகளிலேயே கண்டிருக்கிறது. பீட்டரின் மகள் வளர்ந்து பெரியவளான ஓர் உலகை டாம் டிஃபால்கோவும் ரான் ஃப்ரென்ஸும் 1998-இல் படைத்தார்கள். ‘ஸ்பைடர் கேர்ள்’ என்ற அந்தப் பத்திரிகையைப் பல முறை நிறுத்த முடிவு செய்தும், வாசகர்கள் விடாமல் எழுதி எழுதி அதை நூறு இதழ்கள் வரை காப்பாற்றினார்கள். 2000-இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் மார்க் பேக்லியும் ‘அல்டிமேட்’ என்ற தனி உலகில் பீட்டரின் கதையை முதலிலிருந்து தொடங்கி, 111 இதழ்கள் இடைவிடாமல் இணைந்து பணியாற்றினார்கள். அவ்வுலகில் 2011-இல் பீட்டர் இறந்தான். அந்த மரணத்திலிருந்து மைல்ஸ் மொராலெஸ் பிறந்தான்: புரூக்ளினைச் சேர்ந்த, கறுப்பினத் தந்தைக்கும் போர்ட்டோ ரிக்கோத் தாய்க்கும் பிறந்த சிறுவன். ஏழு ஆண்டுகளில் அவனை நாயகனாகக் கொண்ட திரைப்படம் வெளிவந்து ஆஸ்கார் விருது பெற்றது. கடந்த கால் நூற்றாண்டில் இந்தக் கதைமரபு பெற்ற ஒரே பெரும் புதுச் செல்வம், நாயகனை இறக்க அனுமதித்த இடத்திலிருந்து கிடைத்தது. ஆயினும் மைல்ஸும் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பள்ளி மாணவனாகவே இருக்கிறான் என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும். பீட்டரை உறைய வைத்த கைகள் அவனையும் பற்றிக்கொண்டன.

இதற்கிடையில் அமெரிக்கச் சிறுவர்கள் சித்திரக்கதை படிப்பதை நிறுத்திவிட்டார்களா? இல்லை, முன்னெப்போதையும்விட அதிகமாகப் படிக்கிறார்கள். 2010-இல் ரெய்னா டெல்கெமையர் தம் பல் உடைந்த கதையை ‘ஸ்மைல்’ என்ற புத்தகமாக வெளியிட்டார். 2016-இல் டேவ் பில்கியின் ‘டாக் மேன்’ வரிசை தொடங்கியது. ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் பள்ளிகளிலேயே நடத்தும் புத்தகச் சந்தைகளில் இவை லட்சக்கணக்கில் விற்கின்றன. மற்றொரு பக்கம் ஜப்பானியச் சித்திரக்கதையான மாங்கா, புத்தகக் கடைகளின் அலமாரிகளை நிறைத்திருக்கிறது. இருபது பக்கக் கதைக்கு 4 டாலரோ அதற்கு மேலோ கேட்கும் மெல்லிய மாத இதழையும், பத்துப் பன்னிரண்டு டாலருக்கு இருநூறு பக்கம் தரும் மாங்கா தொகுதியையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் சிறுவனுக்கு எதை வாங்குவது என்பதில் குழப்பம் வர நியாயமில்லை. எனினும் விலையைக் காட்டிலும் முக்கியமான வேறொன்று இருக்கிறது. மாங்கா ஒன்றாம் தொகுதியில் தொடங்குகிறது, எண் வரிசையில் செல்கிறது, முடிகிறது. ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ பத்திரிகையோ 1999, 2014, 2015, 2018, 2022, 2025 என்று ஆறு முறை மீண்டும் முதல் இதழ் என்று எண்ணிடப்பட்டிருக்கிறது. எங்கே தொடங்குவது என்று கேட்கும் குழந்தைக்குக் கடைக்காரரே பதில் சொல்ல இயலாத நிலை.

முடிவு வியாபாரத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்தை ஜப்பான் பொய்யாக்கியிருக்கிறது. கோயோஹாரு கோட்டோகே எழுதி வரைந்த ‘கிமெட்சு நோ யாய்பா’ தன் புகழின் உச்சத்தில், 2020 மே மாதத்தில், 23 தொகுதிகளோடு முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான அதன் திரைப்படம் ஜப்பானின் வசூல் சரித்திரத்தையே மாற்றியது. அமெரிக்காவிலும் உதாரணம் இல்லாமல் இல்லை. ராபர்ட் கிர்க்மேன் 2003-இல் இமேஜ் வழியாகத் தொடங்கிய ‘வாக்கிங் டெட்’ கதையை 2019-இல், முன்னறிவிப்பு ஏதுமின்றி, 193-ஆம் இதழில் முடித்துவிட்டார். கதை அவருடையது, ஆகவே முடிக்கும் அதிகாரமும் அவருடையதாக இருந்தது. டிட்கோவுக்கும் கான்வேக்கும் கிடைக்காத அதிகாரம் அது. டிட்கோவின் வாரிசு பதிப்புரிமையை மீட்கக் கோரி 2021-இல் அனுப்பிய அறிவிப்பு, 2023-இல் நிறுவனத்தோடு சமரசத்தில் முடிந்தது. சமரசத்தால் பணம் கைமாறியிருக்கலாம், கதையின் கடிவாளம் கைமாறவில்லை.

தொழிலின் அஸ்திவாரமும் இப்போது ஆட்டங்கண்டிருக்கிறது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளுக்கெல்லாம் ஒரே வாயிலாக இருந்த டயமண்ட் விநியோக நிறுவனம் 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது, சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டி.சி. நிறுவனம் 2020-லும் மார்வெல் 2021-லும் அதை விட்டு வேறு விநியோகஸ்தர்களிடம் சென்ற பிறகு அது எதிர்பார்க்கக்கூடிய முடிவுதான். பெரிய நிறுவனங்கள் தப்பிக்கும்; அவற்றுக்குத் திரைப்படமும் விளையாட்டுப் பொருள்களும் உண்டு. 2009-இல் டிஸ்னி 4 பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து மார்வெலை வாங்கியது மாத இதழ் விற்பனைக்காக அல்ல. ஆபத்தில் இருப்பவர்கள் சிறு பிரசுரகர்த்தர்களும், பழைய வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்துபவர்களுமே. ஒவ்வோர் ஆண்டும் அந்த வாடிக்கையாளருக்கு ஒரு வயது கூடுகிறது. அவர் இடத்தை நிரப்பக்கூடிய சிறுவன் பள்ளிப் புத்தகச் சந்தையில் வேறொருவர் கதையை வாங்கிக்கொண்டிருக்கிறான். மார்வெல் அளித்த உரிமத்தின் பேரில் ஸ்கொலாஸ்டிக் மைல்ஸின் கதையைத் தனிப் புத்தகமாக வெளியிட்டது 2021-இல். நல்ல காரியம், இருபது ஆண்டு தாமதமான காரியம்.

இந்த நிலையில்தான் 2024 ஜனவரியில் ஜோனதன் ஹிக்மேன் எழுத, மார்கோ செக்கெட்டோ வரைந்த புதிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ வெளிவந்தது. அதில் பீட்டர் நடுவயதை நெருங்கும் குடும்பஸ்தன், மேரி ஜேன் அவன் மனைவி, இரண்டு குழந்தைகள். வாலிபத்தில் கிடைத்திருக்க வேண்டிய சக்தி அவனுக்குக் காலங்கடந்தே வாய்க்கிறது. அதை ஏற்பதா வேண்டாமா என்பதை மனைவி மக்கள் உள்ள ஒருவன் யோசிப்பது போலவே யோசிக்கிறான். ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையில் கதையிலும் ஒரு மாதம் கழிந்துவிடுகிறது. முதல் இதழ் விற்றுத் தீர்ந்து பல முறை மறுபதிப்புக் கண்டது. பீட்டரை மணமானவனாக, தந்தையாக, காலத்துக்கு உட்பட்டவனாக எழுதினால் வாசகர் வரமாட்டார் என்ற சித்தாந்தத்தின் பேரில் மூலப் பத்திரிகையில் பதினாறு ஆண்டுகள் கதை நடத்திய அதே நிறுவனம், அதற்கு நேர்மாறான கதையை அடுத்த அறையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தது.

மூலப் பத்திரிகையிலேயே இதைச் செய்ய வேண்டும் என்பது என் திடமான எண்ணம். ஓர் எழுத்தாளருக்கும் ஓர் ஓவியருக்கும் குறிப்பிட்ட ஆண்டுகளைக் கொடுத்து, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு ஸ்பைடர்மேன் கதையை எழுதச் சொல்லலாம். அது முடிந்தபின் மற்றோர் இணை தன் ஸ்பைடர்மேனை வேறு எண்வரிசையில் தொடங்கலாம். ஒவ்வொன்றும் புத்தகக் கடையில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற தொகுதிகளாக நிற்கலாம். சட்டையில் உள்ள உருவத்துக்கு இதனால் ஒரு பழுதும் நேராது. திரைப்படங்களில் மூன்று நடிகர்கள் அடுத்தடுத்துப் பீட்டராக நடித்து, 2021-இல் மூவரும் ஒரே படத்தில் தோன்றியபோது, ஜனங்கள் குழம்பவில்லை, கொண்டாடினார்கள். அமெரிக்கச் சட்டப்படி 1938-இல் தோன்றிய சூப்பர்மேனின் முதற்கதை 2034 ஜனவரி 1-ஆம் தேதி பொதுவுடைமையாகிறது. 1962-இன் அந்தப் பதினோரு பக்கங்கள் 2058-இல்தான். அதன் பிறகு பீட்டருக்கு எத்தனை வயது என்பதை யார் வேண்டுமானாலும் தீர்மானித்துக்கொள்ளலாம். அதுவரையில் அந்த முடிவு நியூயார்க்கில் உள்ள ஒரு பதிப்பாசிரியர் குழுவின் கையில் இருக்கிறது. இன்று திறந்திருக்கும் கடைகளால் அத்தனை ஆண்டுகள் காத்திருக்க முடியாது.